ஊர்மொழியில் ஒரு பள்ளி

(ஆரியநாயகம் – ஆசாதேவியார் இணையரின் ஆசிரியப் பணி பற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

  

யாழ்ப்பாணத் தமிழர் ஒருவர். வங்கக் குடியிற் பிறந்த அம்மையார் ஒருவர். இருவர்க்கும் தாய்மொழி வெவ்வேறு. இருவரும் வாழப் புகுந்த சிற்றூரின் மொழியோ இவ்விரண்டும் அல்லாத மராட்டி. அவ்வூர்ப் பிள்ளைகட்கு எம்மொழியிற் கற்பிப்பது? ஆங்கிலம் இருவர்க்கும் நன்கு வரும். அதனை எடுத்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கு எளிது. அவர்கள் எடுத்துக்கொண்டது ஊர்மொழியை. இன்று பேசப்போவது அவ்விணையரைப் பற்றி: ஆரியநாயகம், அவர் துணைவியார் ஆசாதேவியார். பெயரில் ஆரியம் இருக்கிறதே என்று முகம் சுளிக்க வேண்டா, ஆள் நம்மவரே.

ஆரியநாயகம் தாகூரின் சாந்திநிகேதனில் பணியாற்றியவர். 1930-இல் தாகூர் உருசியநாடு சென்றபோது உடன் சென்றவர்களுள் ஒருவர். ஆசாதேவியார் காசிப் பல்கலைக்கழக மெய்யியற் பேராசிரியர் ஒருவரின் மகளார். அவரும் சாந்திநிகேதனில் ஆசிரியை. அவ்விடத்துப் புகழும் நிழலும் வாழ்நாள் முழுமைக்கும் போதுமானவை. அவற்றை விட்டு இருவரும் வார்தாவுக்கு வந்தனர்.

1937 அத்தோபர் 22, 23 ஆகிய நாள்களில் காந்தியடிகள் தலைமையில் வார்தாவில் கல்வி மாநாடு கூடியது. பாடத்திட்டம் வகுக்கச் சாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழுவில் இவ்விருவரும் இருந்தனர். தஞ்சையிற் பிறந்த குமரப்பாவும் இருந்தார். ஏழாண்டுக் கட்டாயக் கல்வி, கைத்தொழிலை நடுவாகக் கொண்ட பாடம், தாய்மொழியே பயிற்றுமொழி என்பன அக்குழு வகுத்த நெறிகள். பின்னர் இத்திட்டத்தை நடத்த எழுந்த இந்துத்தானி தாலிமி சங்கத்திற்கு ஆரியநாயகம் செயலரானார். இந்துத்தானியையும் கட்டாயப் பாடமாக்கியது அத்திட்டத்தின் கறை. 1938-இல் இங்கே கட்டாய இந்தியை எதிர்த்துத் தமிழர் சிறை சென்றுகொண்டிருந்ததையும், 1939-இல் நடராசனும் தாளமுத்துவும் உயிரீந்ததையும் நினைப்பவர் அக்கறையைக் கறையென்றே சொல்வர். ஆனால் கறை வேறு, துணி வேறு.

துணி எப்படி நெய்யப்பட்டது என்று பாருங்கள். வார்தாப் பகுதி கரிசல்நிலம். பருத்தி விளையும் மண். சேகாவ் என்ற அச்சிற்றூர் 1940-இல் சேவாகிராமம் எனப் பெயர் மாறியது. அங்குப் பிள்ளையின் கையிற் பொத்தகத்தோடு தக்களியும் தரப்பட்டது. நூற்ற நூலைச் சுற்றும்போது ஒரு சுற்று நான்கடி. 640 சுற்று ஒரு சிட்டம். அப்படியானால் ஒரு சிட்டத்தின் நீளம் 2,560 அடி. பெருக்கல் வாய்ப்பாடு விரலில் ஏறிவிட்டது. ஒரு மணியில் எத்தனை சுற்று, நேற்றைக்கு இன்று எவ்வளவு கூடுதல் என்று கேட்டால் கணக்கு. பருத்தி எம்மண்ணில் விளைகிறது, மழை எப்போது வேண்டும் என்று கேட்டால் நிலவியல். இந்நாட்டு நெசவு ஏன் நசிந்தது, இலங்காசயர் ஆலைத் துணி எப்படி வந்தது என்று கேட்டால் வரலாறு. இவையனைத்தையும் பிள்ளை தன் தாயோடு பேசும் சொற்களிலேயே கேட்டது. கை செய்வதை வாய் சொல்ல வேண்டுமானால், வாய்க்குத் தன்மொழி வேண்டாவா?

இவ்விடத்தில் தமிழ்நாட்டார் ஒன்றைக் கேட்பர். கைத்தொழிற் கல்வி என்றால் 1953-இல் வந்த குலக்கல்வித் திட்டந்தானே என்று. அன்று, அன்றவே அன்று! இராசாசியார் திட்டம் சிற்றூர்ப் பிள்ளைக்கு நாளுக்கு மூன்று மணி நேரமே பள்ளி தந்தது. மீதிப் பொழுதில் அப்பன் தொழிலைப் பார் என்றது. வண்ணான் மகன் வெளுக்கவும் குயவன் மகன் சக்கரம் சுற்றவும் போக வேண்டியதே. தமிழர் கிளர்ந்தெழுந்தனர், 1954-இல் காமராசர் அதனை நீக்கினார். சேவாகிராமப் பள்ளியிலோ தொழில் பள்ளிக்குள்ளேயே இருந்தது. பிறப்பால் வந்த தொழிலாக இராமல் எல்லார்க்கும் பொதுவான தொழிலாக இருந்தது. எக்குலத்துப் பிள்ளையும் நூற்றது. எக்குலத்துப் பிள்ளையும் சமைத்தது. கழிப்பிடத் துப்புரவும் எல்லார்க்கும் வந்த பாடம். பிறப்போடு தொழிலைக் கட்டுவது ஒன்று. அக்கட்டை அறுப்பது மற்றொன்று. இரண்டையும் ஒன்றென மயங்குவோர் இன்றும் உளர்.

இணையர் இதற்குக் கொடுத்த விலை சிறிதன்று. அவ்வூரில் வாழ்ந்த காலத்தில் தம் இளமகனைச் சாவுக்குக் கொடுத்தனர். 1942 கிளர்ச்சியில் ஆரியநாயகம் சிறைப்பட, பள்ளிச் சுமை ஆசாதேவியார் தோள்மேல் இறங்கியது. 1945-க்குப் பின் குழந்தைப் பள்ளி முதல் முதியோர் கல்வி வரை பணி விரிந்தது. நாட்டுப் பிரிவினைக்குப் பின் ஏதிலியராய் வந்தோரின் பிள்ளைகட்காகப் பரிதாபாதிலும் இருவரும் உழைத்தனர். 1954-இல் அரசு அம்மையார்க்குத் தாமரைத்திரு விருது வழங்கியது.

விருது கொடுத்த அரசு பள்ளிக்கு என்ன செய்தது? பெயரளவில் ஆதாரப் பள்ளிகள் நாடெங்கும் திறக்கப்பட்டன. பல இடங்களில் தக்களி மட்டும் வந்தது. அதனைப் பாடமாக்கத் தெரிந்த ஆசிரியர் வரவில்லை. அதிகாரிகள் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, உழவன் பிள்ளைக்கு இதுவே நல்லது என்றனர். உழவன் ஏமாளியல்லன், நல்லதாயின் உன் பிள்ளை எங்கே என்று மனத்துள் கேட்டான். சேவாகிராமத்தில் மேனிலை வரை கற்ற இளைஞரின் படிப்பைப் பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொள்ளவில்லை; பட்டத்திற்கும் வேலைக்கும் கதவு திறக்கவில்லை. தாய்மொழியிற் படித்தவனுக்குப் பின்கட்டு, ஆங்கிலத்திற் படித்தவனுக்கு முன்வாயில் என்றால், எத்தனை நல்ல பள்ளியும் நில்லாது. அம்முன்வாயிலைத் திறக்கும் பொறுப்பு ஆட்சியினுடையது. அந்த இரண்டு ஆசிரியரால் அது முடியக்கூடியதன்று.

1959-இல் தாலிமி சங்கம் சர்வ சேவா சங்கத்தோடு இணைந்தது. பின்னாளில் பள்ளியும் மூடப்பட்டது. 2005-இல் அதே சேவாகிராமத்தில் ஆனந்த நிகேதன் என்னும் பெயரில் பள்ளி மறுபடியும் தொடங்கியது. பருத்தியும் தோட்டமும் சமையலும் அங்கே பாடத்தோடு பிணைந்துள்ளன. பயிற்றுமொழி மராட்டி.