முதிரை அலுமாரி



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது இலக்கிய விஷயமா, வீட்டு விவகாரமா என்று எனக்கே சந்தேகம். விவகாரத்திலிருந்தே தொடங்குகிறேன்.

கிளிவெட்டியிலே என் தங்கச்சியின் மூத்த மகளுக்குக் கலியாணம் ஒப்பேறியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்கிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஆனால் வெறும் வீட்டுக்குள் மாப்பிள்ளையை எதில் இருத்துவது? திருகோணமலை நகரத்துக் கடையொன்றில் சோபா செற், கட்டில், கண்ணாடி பதித்த அலுமாரி எல்லாம் சேர்த்து ஒரு விலை சொல்லியிருக்கிறார்கள். கழுத்தில் கிடக்கிற சங்கிலியை அடகு வைத்தால் முற்பணம் சரி. மிச்சத்தை மாதாமாதம் தவணையில் கட்டலாம். “அண்ணன், நீங்க ஒருக்கா வந்து பாத்துச் சொல்லுங்கோ. இந்த விலைக்கு இது தகுமா?” என்று கேட்டாள்.

தகுமா என்று கேட்டால் எனக்கு உடனே ஞாபகம் வருவது எங்கள் அப்பாவின் அலுமாரி.

1977ஆம் ஆண்டு பெரும்போகம் நல்லபடி விளைந்தது. அந்த நெல்லுக் காசில் அப்பா முதிரையில் ஓர் அலுமாரி செய்வித்தார். மரத்தை முதல் வருடமே வாங்கித் தாழ்வாரத்தில் பலகை பலகையாய் இடையிலே சட்டம் வைத்து அடுக்கி, காற்றில் உலர விட்டிருந்தார். பிறகு ஓடாவியார் வந்து முற்றத்து வேம்பின் கீழே பட்டறை போட்டு இருபது நாள் வேலை செய்தார். ஓர் இரும்பாணிகூட அடிக்கவில்லை. துளையிட்டு, கழுந்து இறக்கி, மர ஆப்பால் இறுக்கினார். பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த மஞ்சள் சீவலை அள்ளி மணப்பதுதான் அப்போது எனக்கு வேலை.

அம்மா அந்த இருபது நாளும் அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. குசினிக்குக் கிடுகு மாற்றவேண்டியிருந்தது. அந்தக் காசுக்கு ஒரு சோடி உழவு மாடு வாங்கியிருக்கலாம் என்பது அவருடைய கணக்கு. அப்பாவின் கணக்கு வேறு. “மாடு பத்து வருசம் உழும். இது என்ர பேரப்பிள்ளைக்கும் நிக்கும்” என்பார். இரண்டு கணக்குமே பிழையில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது.

முதிரையைப் பற்றி அப்பா சொன்னது வெறும் பெருமையல்ல. 1833இல் பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே வெள்ளைக்காரன் பாலம் கட்டியபோது தேர்ந்தெடுத்தது இதே முதிரையைத்தான். ஒற்றை வளைவிலே ஆற்றைக் கடந்த அந்த மரப்பாலம் 1905வரை நின்றது. எங்கள் வயலுக்குத் தண்ணீர் தருகிற வெருகலாறும் அதே மகாவலியின் கிளைதான். இன்னொன்றும் சொல்லலாம். ‘திருகோணமலை’ என்று எங்கள் துறைமுகத்தின் பெயரைச் சூட்டி ஆங்கிலேயர் 1817இல் பம்பாயிலே ஒரு போர்க்கப்பல் கட்டினார்கள். தங்கள் நாட்டு ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு வந்ததால் இந்தியத் தேக்கில் கட்டினார்கள். அந்தக் கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் தண்ணீரில் மிதக்கிறது. ஆக, நல்ல மரத்துக்குக் கொடுத்த காசு வீண்போகாது என்று சொல்லிப் பேச்சை இந்த இடத்திலேயே முடித்துவிடலாம். ஆனால் பாலத்துக்கும் கப்பலுக்கும் இல்லாத ஒரு சிக்கல் எங்கள் வீட்டு அலுமாரிக்கு இருந்தது.

அதற்கு முன் இலக்கியப் பக்கம் கொஞ்சம் போய்வருகிறேன். கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு ஆகிய நாலும் போர்த்துக்கேயன் விட்டுப்போன சொற்கள். நாங்கள் தளபாடம் என்று காசு கொட்டுகிறவற்றில் பாதிக்கு எங்களிடம் சொந்தப் பெயரே இல்லை. பாயும் மணையும் பெட்டியும் போதுமாயிருந்தது போலும். கட்டில் மட்டும் பழைய தமிழ்ச் சொல். சங்கப் பாட்டிலேயே இருக்கிறது.

தமிழிலே வருகிற கட்டில்களுக்குள் ஆக விலைகூடியது எதுவென்று கேட்டால், நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் பாண்டிமாதேவி படுத்திருக்கும் கட்டிலைத்தான் சொல்வேன். நாற்பது வயது நிறைந்து, போரிலே பட்ட யானையின் தந்தத்தால் ஆனது. கைதேர்ந்த தச்சன் உளியால் இலைத்தொழில் செதுக்கியிருக்கிறான். மேலே அன்னத்தின் தூவி பரப்பிய மெத்தை, அதன்மேல் கஞ்சி போட்ட துகில். ஒரு கடைக்காரன்கூடத் தன் சரக்கை இத்தனை நுணுக்கமாய் வர்ணிக்கமாட்டான். இவ்வளவுக்கும் அரசிக்கு அதிலே நித்திரை வரவில்லை. அரசன் பாசறையில். அவனும் நடுச்சாமத்துத் தூறலில் நித்திரையின்றிக் காயம்பட்ட வீரரைப் பார்த்து நடக்கிறான். அந்தக் கட்டிலுக்குத் தந்தம் தந்ததும் போர், அதிலே நித்திரை இல்லாமற் செய்ததும் போர்.

இதற்கு நேர்மாறாய்ப் புறநானூற்றில் இன்னொரு கட்டில். தகடூரை வென்ற பெருஞ்சேரல் இரும்பொறையின் முரசு கட்டில் அது. முரசை நீராட்டக் கொண்டுபோயிருந்த நேரம் பார்த்து, நடந்து களைத்த மோசிகீரனார் என்ற புலவர், பூப்பரப்பிய அந்தக் கட்டிலை இன்னதென்று அறியாமல் ஏறிப் படுத்துவிட்டார். வாளால் வெட்டத்தகும் குற்றம். அரசன் வெட்டவில்லை, பக்கத்தில் நின்று விசிறினான். ஒரு சதமும் கொடுக்காத கட்டில், தன்னுடையதும் அல்ல. ஆனால் மனுஷன் நன்றாய் நித்திரை கொண்டார்.

சரி, அலுமாரிக்கு வருகிறேன். அதற்குள்ளே இருந்தவை அம்மாவின் கூறைச்சேலை, காணி உறுதி, எங்கள் பிறப்புப் பத்திரங்கள், விதைநெல்லுக் காசு. 1985இல் ஓடினோம். 1990இல் ஓடினோம். 2006இல் மறுபடியும் ஓடினோம். முதல் இரண்டு தடவையும் அலுமாரியைத் திறந்து, உள்ளே இருந்த முக்கியமானவற்றை ஒரு பையில் போட்டுக்கொண்டு அம்மா வெளிக்கிடுவார். அத்தனை பாரமான சாமானுக்குள் இருந்த எங்கள் குடும்பம் முழுவதும் ஒரு பைக்குள் அடங்கிவிட்டது. கடைசியாய் அப்பா அலுமாரியைப் பூட்டி, திறப்பை மடியில் செருகுவார். வீடே திறந்து கிடக்க, அலுமாரியைப் பூட்டி என்ன பயன்? கேட்கிற தைரியம் எங்களில் ஒருவருக்கும் இருக்கவில்லை.

1990இல் போய்த் திரும்பியபோது கதவு இரண்டும் இல்லை. கூடு மட்டும் நின்றது. ஓடாவியார் இறக்கிய பொருத்து கழராததால், நாலு பேர் சேர்ந்தும் அசைக்க முடியாமல் விட்டுப்போயிருக்கவேண்டும். அப்பா கூட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு மடியிலிருந்த திறப்பை எடுத்து அதன் தட்டிலே வைத்தார். அதைப்பற்றி அவர் பிறகு கதைத்ததேயில்லை.

2006இல் சம்பூர்ச் சனம் ஊரைவிட்டு ஓடி, மட்டக்களப்பெல்லாம் அலைந்து, 2007இலிருந்து எங்கள் கிளிவெட்டியிலும் பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சானிலும் முகாமிலே இருந்ததை நேயர்களில் பலர் அறிவீர்கள். ஊர் உயர்பாதுகாப்பு வலயமாகி, அனல்மின் நிலையத்துக்கென்றும் காணி போய், பலருக்கு 2015க்குப் பிறகுதான் திரும்பும் வழி பிறந்தது. தகரக் கொட்டிலுக்குள் எட்டு ஒன்பது வருஷம். பின்னேரங்களில் நான் அங்கே போய்க் கதைத்துக்கொண்டிருப்பேன். அங்கிருந்த முதியவர் ஒருவர் விட்டுவந்த வயலைப் பற்றி அதிகம் சொல்லமாட்டார். பாலை மரக் கட்டிலொன்றைப் பற்றியே சொல்லுவார். பிள்ளைகள் ஐந்து பேரும் பிறந்தது அதிலேதான், மனுசி கண்மூடியதும் அதிலேதான். “தம்பி, காணி அங்கதான் கிடக்கும். கட்டில் கிடக்குமோ?” என்பார். திரும்பிப் போனபோது கட்டில் இல்லை, கட்டில் கிடந்த வீடும் இல்லை. போய்ப் பார்த்தேன். கொட்டில் வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டிருந்தார். எழும்பி எனக்குத் தந்துவிட்டுத் தான் மண்ணிலே குந்தினார்.

இதையெல்லாம் மனதிலே வைத்துக்கொண்டுதான் தங்கச்சியோடும் மருமகளோடும் கடைக்குப் போனேன். குளிரூட்டிய மண்டபம், நல்ல மரியாதை. அலுமாரி கண்ணாடியும் மினுக்குமாய் நின்றது. ஓரத்துப் பட்டியை நகத்தால் சற்றே நெம்பிப் பார்த்தேன். உள்ளே மரத்தூளைப் பசையோடு அழுத்திய பலகை. அதைப் பிழையென்று சொல்லமாட்டேன். வறண்ட இடத்தில், அசைக்காமல் வைத்தால் அதுவும் உழைக்கும். ஆனால் எங்கள் மாரியை யோசியுங்கள். கார்த்திகை, மார்கழியில் சுவரே வியர்க்கிற ஊர் அது. தண்ணீர் குடித்தால் அந்தப் பலகை ஊதும். ஊதினால் திருகாணி பிடிக்காது. பிடிக்காத இடத்தில் எந்த ஓடாவியாலும் மறுபடி பொருத்த முடியாது. பக்கத்தில் நின்ற ‘அசல் தேக்கு’க் கட்டிலும் எனக்குத் திருப்தியில்லை. வைரம் ஒரு பக்கம், வெளிறு ஒரு பக்கமாய்ச் சேர்த்து, ஒரே நிறத்தில் பொலிஷ் அடித்திருந்தது. வெளிறை உளு சும்மா விடுமா? விலையில் பெரும்பங்கு மரத்துக்கல்ல, மினுக்குக்கும் கண்ணாடிக்கும் தவணை வட்டிக்கும் என்று என் மனதில் பட்டது.

வெளியே வந்து சொன்னேன். தங்கச்சிக்கு முகம் வாடிவிட்டது. “நீங்க சொல்லுறது சரிதான் அண்ணன். ஆனா வாற சனம் மரத்தையா சுரண்டிப் பாக்கும்? வெறும் வீட்டைத்தானே பாக்கும்” என்றாள். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. மூன்று தடவை எல்லாவற்றையும் விட்டு ஓடினவள் ஒரு தடவையாவது நிறைந்த வீட்டைப் பார்க்க ஆசைப்படுகிறாள். அதை வீண் பவுசு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாரமான சாமான் வாங்குகிறவன் இனி ஓடமாட்டேன் என்றுதானே வாங்குகிறான்? 1977இல் அப்பாவும் அப்படித்தான் வாங்கியிருப்பார்.

பேசாமல் வந்த மருமகள்தான் பஸ்ஸிலே வாயைத் திறந்தாள். “மாமா, அப்பப்பான்ர அலுமாரி உங்கட வீட்டில சும்மாதானே நிக்குது?” அவள் ‘அப்பப்பா’ என்றது என் அப்பாவைத்தான். அம்மப்பா என்று திருத்தப்போனேன். தங்கச்சி கையைப் பிடித்து அடக்கிவிட்டாள்.

மறுநாள் தோப்பூரிலிருந்து ஓர் ஓடாவியாரைக் கூட்டிவந்து காட்டினேன். இளம் ஆள். தவிட்டு மூட்டையை இறக்கி, தூசு தட்டி, கூட்டைச் சுற்றிவந்தார். விரல் மடக்கி நாலு பக்கமும் தட்டினார். மூலையிலே கண்ணை வைத்துப் பார்த்தார். “ஐயா, இதை ஆர் செய்தது?” என்று கேட்டார். சொன்னேன். “இதுக்குக் கதவு மட்டும் போட்டாக் காணும்” என்றார்.

முதிரை கேட்ட விலைக்குக் கட்டவில்லை. வேம்பிலே கதவு போட்டாயிற்று. கட்டிலொன்றும் அவரே செய்கிறார். சோபாவுக்குப் பதிலாய் நாலு பிரம்புக் கதிரை. சங்கிலி தங்கச்சியின் கழுத்தில்தான் கிடக்கிறது. என்றாலும் கூடு ஒரு நிறம், கதவு ஒரு நிறமாய் நிற்கிறதென்று அவளுக்கு என்மேல் இன்னும் கோபம். பழைய திறப்பு புதுப்பூட்டுக்குச் சேராது. மருமகள் அதையும் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.