கிளிக்கெல் பாட்டியின் ஏடு



நான் ஆசிரியப் பணியில் இருந்த நாளெல்லாம் 'என் பாட்டி' என்னும் தலைப்பில் மாணாக்கர் எழுதிய கட்டுரைகளை ஆண்டுதோறும் திருத்தி வந்தேன். அவற்றில் வரும் பாட்டி கதை சொல்வார், பலகாரம் செய்வார். அவர் எவ்வூரில் பிறந்தார், வாழ்வில் எதை இழந்தார், நொடித்த குடும்பத்தை எவ்வாறு தூக்கி நிறுத்தினார் என்னும் செய்தி மட்டும் அரிதினும் அரிதாகவே இருக்கும். பிள்ளைகளைக் குறை கூறுவதற்கில்லை. யாரேனும் சொன்னால் அன்றோ அவர்கள் அறிவர்! தம் மக்கள் அவ்வாறு அறியாதிருந்துவிடலாகாது என்று கருதித் தம் வாழ்க்கையைத் தாமே எழுதி வைத்த ஒரு யூதப் பாட்டியாரைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

கிளிக்கெல் என்பது அவர் பெயர். ஜெர்மனியின் ஹாம்பர்க் பட்டினத்தில் 1646ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்தவர். அவர் சிறு குழந்தையாக இருந்தபோதே யூதர்களை அந்நகரினின்றும் வெளியேற்றினர். அவர்கள் அண்மையில் டென்மார்க் மன்னரின் ஆட்சியில் இருந்த ஆல்ட்டோனாவில் குடியேறினர். அங்கிருந்து அனுமதிச் சீட்டோடு ஹாம்பர்க்கினுள் சென்று வாணிகம் செய்து மீள்வர்.

கிளிக்கெலுக்கும் ஒரு பாட்டி உண்டு. அவர் பெயர் மாத்தி. கொள்ளைநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்து, மகளோடு வெறுங்கையராய் வந்து சேர்ந்தவர் அவர். அம்மகள் பொன்னிழையாலும் வெள்ளியிழையாலும் சரிகைப் பின்னல் செய்து தாயைக் காத்தாள். பின்னர் அவளை மணந்த கிளிக்கெலின் தந்தை, மாமியாரைத் தம் இல்லத்திலேயே வைத்துப் பெற்ற தாயைப் போலப் போற்றினார். பேத்தி இதை மறவாது எழுதியிருக்கிறார். எழுதாதிருந்தால் மாத்தி என்றொருவர் வாழ்ந்ததையே நாம் அறிந்திருக்க மாட்டோம்.

14 வயதில் ஹாமெல்ன் என்னும் சிற்றூரைச் சேர்ந்த ஹைம் என்பவருக்குக் கிளிக்கெலை மணம் முடித்தனர். ஓராண்டு கழித்துத் தம்பதியர் ஹாம்பர்க்குக்கே திரும்பினர். தலைக்குழந்தை பிறந்த அதே வாரத்தில் கிளிக்கெலின் தாயாரும் ஒரு பெண் குழந்தையைப் பெற்றார். இருவருக்கும் ஒரே அறை. ஓர் இரவு விழித்துப் பார்த்த கிளிக்கெல், தம் மகவு அருகில் இல்லாதது கண்டு பதறினார். அது தாயாரின் படுக்கையில் கிடந்தது! தாயாரோ உறக்கக் கலக்கத்தில் அதைத் தம் குழந்தை என்றே எண்ணி விட மறுத்தார். சாலமோன் மன்னரைத்தான் அழைக்க வேண்டியிருந்திருக்கும் என்று வீட்டார் பின்னர்ச் சிரித்தனராம்.

மாமனாரின் கதை வேறு வகையானது. 1665ஆம் ஆண்டில் சபத்தாய் செவி என்பவரே யூதர்களை மீட்க வந்த மெசியா என்ற செய்தி ஐரோப்பா எங்கும் பரவியது. புனித நாட்டுக்குப் புறப்படும் நாள் வந்துவிட்டது என்று நம்பிய அக்கிழவர், துணிகளையும் பட்டாணி, அவரை, உலர்ந்த இறைச்சி முதலியவற்றையும் பீப்பாய்களில் அடைத்து, கப்பல் ஏறுவதற்கு எளிதாகட்டும் என்று ஹாம்பர்க்குக்கு அனுப்பி வைத்தார். மறு ஆண்டே செவி துருக்கி சுல்தானின் முன் மதம் மாறிவிட்டார். பீப்பாய்கள் மட்டும் நெடுநாள் திறக்கப்படாமல் காத்திருந்தன. ஒரு மக்களினத்தின் ஏக்கத்தை இந்தப் பட்டாணிப் பீப்பாயைப் போல் விளக்கிய வரலாற்று நூலை நான் கண்டதில்லை.

ஹைம் பொன்னும் முத்தும் வாணிகம் செய்தார். மனைவியைக் கலந்துகொள்ளாமல் அவர் எதையும் செய்ததில்லை. பிறந்த பிள்ளைகள் 14 பேர். 1689ஆம் ஆண்டில் வழியில் இடறி விழுந்து நோயுற்ற ஹைம், சில நாள்களில் இறந்தார். மணமாகாத பிள்ளைகள் பலர், கடனோ பெரிது. கிளிக்கெல் சரக்கை ஏலம் விட்டுக் கடனைத் தீர்த்தார். பின்னர்க் காலுறை செய்யும் தொழிலகம் ஒன்றை நடத்தினார். லைப்சிக் சந்தைக்கும் பிரான்ஸ்விக் சந்தைக்கும் சென்று வாணிகம் செய்தார்.

1691ஆம் ஆண்டில், உறக்கம் வாராத இரவுகளில், துயரத்தை ஆற்றிக்கொள்ள அவர் எழுதத் தொடங்கினார். மொழி இட்டிஷ், அதாவது ஜெர்மானிய மொழிக்கு உறவானதும், எபிரேய எழுத்தில் எழுதப்படுவதுமாகிய வீட்டு மொழி. அந்நூலின் தொடக்கத்திலேயே ஒரு பறவைக் கதை வருகிறது. தந்தைப் பறவை ஒன்று, தன் மூன்று குஞ்சுகளை ஒவ்வொன்றாகச் சுமந்து கடலைக் கடக்கிறது. நடுக்கடலில், "நான் முதியவனானால் என்னை இவ்வாறு காப்பாயா?" என்று கேட்கிறது. காப்பேன் என்ற முதற்குஞ்சைப் பொய்யன் என்று கடலில் எறிகிறது. இரண்டாவதுக்கும் அதே கதி. மூன்றாவதோ, "அவ்வாறு உறுதி கூற இயலாது; ஆனால், என் குஞ்சுகளுக்கு இவ்வாறே செய்வேன்" என்கிறது. அதுவே கரை சேர்ந்தது.

இக்கதையைக் கொடியது என்று சொல்வோர் உண்டு. எழுதியவர் அதை எவ்வளவு மெய்யாக எடுத்துக்கொண்டார் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. பிள்ளைகளுக்குப் பாரமாகக் கூடாது என்று எண்ணியே அவர் 1700ஆம் ஆண்டில் மெட்ஸ் நகரின் செல்வர் ஒருவரை மறுமணம் செய்துகொண்டார். இரண்டே ஆண்டுகளில் அவர் நொடித்துப் போனார். கிளிக்கெலின் பொருளும் உடன் போயிற்று. 1712இல் அவரும் இறந்த பின், படியேறிச் செல்லவேண்டிய ஒரு சிற்றறையில் தனியே இருந்தார். மகள் எஸ்தரும் மருமகனும் பன்முறை அழைத்தும் அவர் இசையவில்லை. 1715ஆம் ஆண்டில்தான், உடல் தளர்ந்து, அவர்கள் இல்லம் சென்றார். அங்கே தமக்குக் கிடைத்த மதிப்பை வியப்போடு குறிக்கிறார். தொழுகைக் கூடத்திலிருந்து நண்பகல் உணவுக்குத் திரும்பாத நாள்களில், மகள் நல்ல பதார்த்தங்களை அவருக்கென எடுத்து வைத்திருப்பாளாம்.

1724ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். மகன் மோசே அந்த ஏட்டைப் படியெடுத்தார். தாய் எழுதிய மூலம் இன்று இல்லை. மகன் எடுத்த படியே குடும்பத்தில் கைமாறி வந்து, 1896ஆம் ஆண்டில் டேவிட் கௌஃப்மன் என்னும் அறிஞரால் அச்சேறியது. அதனை 1910ஆம் ஆண்டில் ஜெர்மனில் பெயர்த்தவர், யூதப் பெண்களின் உரிமைக்கு உழைத்த பெர்த்தா பாப்பன்ஹைம், அக்குடும்பத்தோடு உறவுடையவர். கிளிக்கெலின் முகம் எப்படியிருந்தது என்று காட்டும் படம் எதுவும் எஞ்சவில்லை. ஆகவே பெர்த்தா, அக்காலத்துப் பெண்களின் உடையைத் தாமே அணிந்து, கிளிக்கெலாக அமர்ந்து, ஓவியர் ஒருவரைக் கொண்டு ஒரு படம் எழுதுவித்துக்கொண்டார்.