வானவில்லும் நங்கூரமும்

வானொலி மறையுரை: தவக்காலம் முதல் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு
(தொநூ 9:8-15; 1 பேது 3:18-22; மாற் 1:12-15)



தவக்காலத்தின் தொடக்கத்தில் தாய்த் திருச்சபை ஓர் உடன்படிக்கையை நம் முன் வைக்கிறது. வெள்ளம் வடிந்தபின் நோவாவோடும் அவர் வழிமரபோடும், பேழையிலிருந்து வெளிவந்த உயிரினங்கள் அனைத்தோடும் கடவுள் செய்துகொண்ட உடன்படிக்கை அது. இனி வெள்ளத்தால் உலகை அழிப்பதில்லை என்று வாக்களித்து, அதற்கு அடையாளமாக மேகத்தில் தம் வில்லை வைக்கிறார். இதே வாசகத்தை மலையோர ஊரில் கேட்பது ஒரு விதம். பழவேற்காட்டில், ஒருபுறம் ஏரி, மறுபுறம் கடல் என்று வாழும் குப்பங்களில் கேட்பது வேறு விதம்.

தண்ணீர் என்ன செய்யும் என்பது நமக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை எழுந்த அலை தமிழகக் கரையில் மட்டும் சுமார் 8,000 உயிர்களைக் கொண்டுபோனது. 2011-இல் கிறிஸ்து பிறப்பு நாளன்றே பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். ஆகவே நம் வீடுகளில் ஒரு கேள்வி உண்டு. கோவிலில் யாரும் அதை உரக்கக் கேட்பதில்லை. வீட்டுத் திண்ணையில் கேட்பார்கள்: "வெள்ளத்தால அழிக்க மாட்டேன்னு நோவாகிட்ட சொன்னாரே சாமி, அப்புறம் இது எப்படி வந்துச்சு?" இப்படிக் கேட்பது அவிசுவாசம் அல்ல. திருப்பாடல்களின் ஆசிரியர்களும் இப்படித்தான் ஆண்டவரிடம் கேட்டார்கள்.

கடவுள் எதை வாக்களித்தார் என்பதை முதலில் பார்ப்போம். அலையே வராது என்று அவர் சொல்லவில்லை. படைப்பின்மீது வெறுப்புக்கொண்டு அதை அழித்தொழிக்க மாட்டேன் என்றார். சுமத்ரா அருகே கடலடியில் நிலம் அதிர்ந்ததால் எழுந்தது 2004-ஆம் ஆண்டின் அலை. அதை நம் பாவத்துக்குக் கடவுள் அனுப்பிய தண்டனை என்று பேசியவர்கள், இந்த உடன்படிக்கையை மறந்து பேசினார்கள். எபிரேய மொழியில் வானவில்லுக்கும் போர்வில்லுக்கும் ஒரே சொல்தான். கடவுள் தம் வில்லைக் கீழே வைத்துவிட்டார். அதைப் பார்த்து நினைவுகூர்வேன் என்று சொல்பவரும் அவரே. நோவா ஞாபகம் வைத்துக்கொண்டால்தான் இந்த வாக்கு நிற்கும் என்று அவர் சொல்லவில்லை.

ஒப்பந்தம் என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நடுவூர் மாதாகுப்பம், கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களில் தலைமுறை தலைமுறையாகப் பாடு முறை இருக்கிறது. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்பது சீட்டுப்போட்டு முடிவாகிறது. நல்ல இடம் ஒருவருக்கே நிரந்தரமாகப் போய்விடாதபடி முறை சுற்றி வருகிறது. அறிவும் நீதியும் உள்ள ஏற்பாடு. ஆனாலும் அது மனிதர் செய்த ஏற்பாடு. ஒருவர் முறை தவறினால் சண்டை வருகிறது, ஊர் கூட வேண்டியிருக்கிறது. மேலும், அந்தப் பட்டியலில் பெயர் இல்லாதவர்களும் இதே ஏரியை நம்பி வாழ்கிறார்கள். அவர்களுடைய வருத்தமும் இந்தத் தண்ணீரில் கலந்திருக்கிறது.

நோவாவோடு செய்த உடன்படிக்கையிலோ வெளியே நிற்பவர் என்று யாரும் இல்லை. எல்லா மனிதரும் உள்ளே. பறவையும் விலங்கும் உள்ளே. நம் ஏரிக்கு வந்துபோகும் பூநாரைகூட உள்ளே.

அப்படியானால் மனிதர் முறை தவறும்போது கடவுளின் உடன்படிக்கை என்ன ஆகிறது? தொடக்க நூல் 15-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். அக்காலத்தில் உடன்படிக்கை செய்பவர்கள் விலங்குகளை இரண்டாகப் பிளந்து, அந்தத் துண்டங்களின் நடுவே நடப்பார்கள். வாக்கு மீறினால் எனக்கும் இதே கதி என்பது அதன் பொருள். ஆபிராம் விலங்குகளைப் பிளந்து வைத்தார். பிறகு ஆழ்ந்து உறங்கிவிட்டார். துண்டங்களின் நடுவே சென்றது புகையும் நெருப்பும் மட்டுமே. அதாவது, கடவுள் தனியாக நடந்தார். இரு தரப்பும் ஏற்க வேண்டிய பொறுப்பைத் தாம் ஒருவரே ஏற்றுக்கொண்டார்.

மனிதர் வாக்கு மீறினார்கள். பிளக்கப்பட்டதோ கடவுளின் மகனுடைய உடல். பாடு என்ற சொல் நமக்கு வலை கட்டும் முறையையும் குறிக்கிறது, துன்பத்தையும் குறிக்கிறது. நமக்குரிய பாட்டை ஆண்டவர் தம் முறையாக ஏற்றுக்கொண்டதையே திருப்பாடுகள் என்கிறோம். இறுதி இரவுணவில் அவர் புதிய உடன்படிக்கையின் கிண்ணத்தைக் கொடுத்தபோது பந்தியில் யார் இருந்தார்கள்? அந்த இரவே மறுதலிக்கப்போகிற பேதுரு, நம்மைப்போல் வலை வீசிப் பிழைத்தவர். அதை அறிந்தே கொடுத்தார். நாம் பிடித்திருப்பதால் நிற்கிற உடன்படிக்கை அல்ல இது. அவர் பிடித்திருப்பதால் நிற்கிறது.

ஆனால் வாக்கு தாமதிக்கிறதே என்கிறோம். உண்மைதான். ஆபிராம் புறப்பட்டபோது வயது 75. ஈசாக்கு பிறந்தபோது 100. இடையே 25 ஆண்டுகள். நாடு முழுவதையும் தருவதாக வாக்குப் பெற்றவர், இறக்கும்போது சொந்தமாக வைத்திருந்தது மனைவியை அடக்கம் செய்ய விலைகொடுத்து வாங்கிய மக்பேலா நிலம் மட்டுமே. காத்திருப்பது நமக்கும் புதிதல்ல. முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோகும் மாதங்களில் ஏரிக்குள் கடல்நீர் வருவதில்லை, இறால் குறைகிறது, அடுப்பும் அணைகிறது. அப்போதும் மணல்மேட்டுக்கு அப்பால் கடல் இருக்கத்தான் செய்கிறது. கடவுள் மௌனமாக இருக்கும் மாதங்களும் அப்படியே.

எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகம் 6-ஆம் அதிகாரத்தில், கடவுள் தம்மைவிடப் பெரியவர் யாரும் இல்லாததால் தம்மீதே ஆணையிட்டார் என்று சொல்லிவிட்டு, நம் எதிர்நோக்கை நங்கூரத்துக்கு ஒப்பிடுகிறது. நங்கூரம் அலையை நிறுத்துவதில்லை. அலைக்கு நடுவே படகை நிறுத்துகிறது. அது பற்றியிருக்கும் இடம் நம் கண்ணுக்குத் தெரிவதுமில்லை. திண்ணையில் கேட்ட கேள்விக்கு நாம் தரக்கூடிய பதில் இதுதான். இழப்பின் காரணம் முழுவதும் நமக்கு விளங்கிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் கயிற்றின் மறுமுனை உயிர்த்த ஆண்டவரிடம் இருக்கிறது. நாம் இழந்தவர்களும் அவரிடம் இருக்கிறார்கள்.

அன்புக்குரியவர்களே, வாக்கு மாறாத கடவுளை நம்புகிறவர்கள் தாங்களும் வாக்குக் காக்க வேண்டும். பாஸ்கா திருவிழிப்பில் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்க இருக்கிறோம். அதற்கு முன் இந்த 40 நாளில், நாம் கொடுத்து நிறைவேற்றாத ஒரு வாக்கையாவது நிறைவேற்றுவோம். அது திருமண மேடையில் கொடுத்ததாக இருக்கலாம். கடன் வாங்கிய இடத்தில் கொடுத்ததாக இருக்கலாம். இறந்துபோன அண்ணனின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வேன் என்று சொன்னதாக இருக்கலாம். நம் பட்டியலுக்கு வெளியே நிற்கும் ஒரு குடும்பத்தின் வாசலுக்கும் போய் வருவோம்.

1515-இல் போர்த்துக்கீசியர் காலத்தில் தோன்றியது மகிமை மாதா ஆலயம். பிறகு டச்சுக்காரர் 1613-இல் கட்டிய கெல்டிரியா கோட்டை இன்று புதர் மண்டிக் கிடக்கிறது. மாதாவின் பிள்ளைகள் இன்னும் செபமாலை சொல்கிறார்கள். ஆபிரகாமுக்குச் சொன்ன இரக்கத்தைக் கடவுள் மறக்கவில்லை என்று தம் புகழ்ப்பாடலில் பாடியவர் அந்தத் தாய். அவரோடு சேர்ந்து மன்றாடுவோம்.

வாக்கு மாறாத ஆண்டவரே, கடலில் இருப்போரையும் கரையில் காத்திருப்போரையும் உம் உடன்படிக்கையில் காத்தருளும். கடல் கொண்டுபோன எம்மவர்க்கு நிலையான இளைப்பாற்றி அருளும். நீர் எம்மை மறப்பதில்லை என்ற உறுதியில் நாங்கள் ஒருவரை ஒருவர் மறவாதிருக்கச் செய்யும். ஆமென்.