சரக்கோடு போகிறவர்கள்



1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்திலிருந்து ‘ஐடியல் எக்ஸ்’ என்ற பழைய டேங்கர் கப்பல் ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. அதன் மேல்தளத்தில் 58 அலுமினியப் பெட்டிகள். அனுப்பியவர் மால்கம் மெக்லீன். லாரி ஓட்டி, பிறகு லாரி கம்பெனி நடத்தி முன்னுக்கு வந்தவர். அதுவரை மூட்டை, பீப்பாய், மரப்பெட்டி என்று ஒவ்வொன்றாகத்தான் கப்பலில் ஏற்றினார்கள். ஏற்றி முடிக்கவே பல நாள் பிடிக்கும். அந்த முறையில் டன்னுக்கு 5.86 டாலர் ஏற்றுகூலி ஆனது. ஐடியல் எக்ஸில் ஆனது ஏறத்தாழ 16 சென்ட்.

இந்த வித்தியாசம்தான் உலக வணிகத்தின் போக்கை மாற்றியது. ஆனால் உடனே அல்ல. ஆளுக்கொரு அளவில் பெட்டி செய்துகொண்டிருந்தவரை ஒரு கம்பெனியின் பெட்டி இன்னொரு கம்பெனியின் கப்பலில் பொருந்தவில்லை.

கன்டெய்னரின் மூலையை ஒருமுறை கிட்டே போய்ப் பாருங்கள். எட்டு மூலையிலும் எஃகு வார்ப்பு, அதில் நீள்வட்டத் துளை. பூட்டின் தலையை அதற்குள் விட்டுக் கால் வட்டம் திருப்பினால் மேல்பெட்டியும் கீழ்ப்பெட்டியும் இறுகப் பிடித்துக்கொள்ளும். மெக்லீனிடம் பணியாற்றிய பொறியாளர் கீத் டான்ட்லிங்கரின் வேலை அது. 1960களில் அதன் காப்புரிமையை மெக்லீன் மற்றவர்களுக்கும் விட்டுக்கொடுத்தார். சர்வதேசத் தர அமைப்பால் பொது அளவுகளை வகுக்க முடிந்ததற்கு அது பெரிய காரணம். ராட்டர்டாமில் கிரேன் தூக்கும் அதே பெட்டியைத் தூத்துக்குடியிலும் தூக்குகிறார்கள். கண்டுபிடித்ததற்கு இணையாக அந்த விட்டுக்கொடுத்தலையும் பாராட்ட வேண்டும்.

கன்டெய்னர் தந்த மலிவால் வாழ்வு இழந்தவர்களும் உண்டு. லண்டன் நகரின் பழைய கப்பல்துறைகள் 1967 முதல் 1981 வரை ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தலைமுறை தலைமுறையாக அங்கே சுமை தூக்கிய குடும்பங்கள் பிழைப்பை இழந்தன.

இன்று உலக வணிகச் சரக்கில், அளவைக் கொண்டு பார்த்தால், 80 சதவீதத்துக்கு மேல் கடல்வழியே போகிறது. 2021 மார்ச்சில் 400 மீட்டர் நீளமுள்ள ‘எவர் கிவன்’ கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கியபோதுதான் பலர் இதை உணர்ந்தார்கள். ஆறு நாள் கால்வாய் அடைபட்டது. நூற்றுக்கணக்கான கப்பல்கள் காத்துக் கிடந்தன. மார்ச் 29 அன்று கப்பல் மிதந்ததும் உலகம் அதை மறந்துவிட்டது. ஆனால் நஷ்டஈட்டு வழக்கு காரணமாக ஜூலை 7 வரை அது எகிப்தைவிட்டு நகர முடியவில்லை. அதில் இருந்த 25 மாலுமிகளும் இந்தியர்கள். அவர்களில் பலர் அந்த மாதங்களையும் கப்பலிலேயே கழித்தார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு இதைவிடக் கொடுமை. கொரோனாவால் துறைமுகங்கள் கப்பல்களில் ஆள் மாற்றத்தை நிறுத்தின. விமானமும் இல்லை, விசாவும் இல்லை. 2020 இறுதியில் சுமார் 4 லட்சம் பேர் ஒப்பந்தம் முடிந்தும் பணி முடித்து இறங்க முடியாமல் கப்பலிலேயே இருந்தார்கள். தொடர்ந்து 12 மாதத்துக்குக் குறைவாகவே ஒருவர் கப்பலில் இருக்கலாம் என்கிறது 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. 17 மாதத்தைத் தாண்டியவர்களும் இருந்தார்கள். அவர்கள் ஓட்டிய கப்பல்களில் மருந்தும் தானியமும் எரிபொருளும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன! மாலுமிகளை அத்தியாவசியப் பணியாளர்களாக அறிவிக்கும்படி ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டது 2020 டிசம்பரில். அதற்குள் எத்தனையோ பேர் வீட்டுத் திருமணத்தையும் பிள்ளைப்பேற்றையும் சாவையும் தொலைபேசியில் கேட்டு முடித்திருந்தார்கள்.

இங்கே கடல்சார் கல்வியை முடித்துப் பட்டம் வாங்குகிறவர்களில் சிலர் கப்பலின் மேல்தளத்துக்கும் எஞ்சின் அறைக்கும் போவார்கள். மற்றவர்கள் வாடகை ஒப்பந்தம் எழுதுவார்கள், காப்பீடு பார்ப்பார்கள், துறைமுக அலுவலகத்தில் கப்பல் வரவைத் திட்டமிடுவார்கள். ஆள் மாற்றத்துக்காகக் கப்பல் பாதையிலிருந்து விலகினால் அந்தச் செலவு யாருடையது என்ற கேள்வி 2020இல் பல கப்பல்களின் ஆள் மாற்றத்தை முடக்கியது. கரையில் உட்காரப் போகிறவர்கள் அதற்கான விடையை ஒப்பந்தத்திலேயே எழுதி வைக்கலாம். சரக்கு சேரும் தேதியைக் கேட்கும்போது, மாலுமிகள் இறங்கும் தேதியையும் சேர்த்துக் கேளுங்கள்.