முகாமையில் கணிதத்தின் பணி



முகாமை விஞ்ஞானம், அளவுசார் முறைகள் என்னும் துறைகளில் முதுமாணிப் பட்டம் பெறப் புகும் மாணவர் பலர், அஃது எண்களை விரைந்து கணிக்கும் வித்தை என்றே எண்ணுகின்றனர். அவ்வேலையை இன்று கணினி கணநேரத்திற் செய்துவிடுகின்றது. அங்ஙனமாயின், மனிதர் அங்கே கற்க வேண்டியது யாது? இத்துறை வளர்ந்த வரலாறே அதற்கு விடை கூறும்.

இரண்டாம் உலகப் போரின்போது, அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து பிரித்தானியாவுக்கு உணவும் எண்ணெயும் கொணர்ந்த வணிகக் கப்பல்களை ஜேர்மன் நீர்மூழ்கிகள் அழித்துவந்தன. அக்கப்பல்கள் காவற்கலங்கள் சூழக் கூட்டமாகச் சென்றன. பெருங்கூட்டம் ஆபத்தானது என்பது கடற்படையினரின் நம்பிக்கை. 1942 இல் கடற்படைத் தலைமையகத்திற் பணியேற்ற பௌதிகப் பேராசிரியர் பற்றிக் பிளாக்கெற்றும் அவர்தம் குழுவினரும் இழப்புப் பதிவுகளை ஆராய்ந்தனர். சராசரி 32 கப்பல்கள் கொண்ட கூட்டங்களில் நூற்றுக்கு 2.5 கப்பல்களும், சராசரி 54 கொண்டவற்றில் நூற்றுக்கு 1.1 கப்பல்களுமே அழிந்திருந்தன.

எண்ணைக் கண்டதும் அவர்கள் அறிவுரை கூறிவிடவில்லை, காரணத்தைத் தேடினர். கூட்டம் பரவியுள்ள பரப்பு இரு மடங்காயினும், காவல் செய்ய வேண்டிய சுற்றளவு இரு மடங்காவதில்லை. ஆதலால் அதே காவற்கலங்கள் கூடுதலான கப்பல்களைக் காக்கும். அதன் பின்னரும் பிளாக்கெற் தம்மைத் தாமே ஒரு கேள்வி கேட்டார்: தம் பிள்ளைகளை அக்கடல்வழியே அனுப்ப நேரின், எந்தக் கூட்டத்தில் அனுப்புவது? பெருங்கூட்டத்தில் என்று உள்ளம் துணிந்த பின்னரே தம் கணக்கை அவர் நம்பினார். 1943 இல் பெருங்கூட்டங்கள் நடைமுறைக்கு வந்தன.

போர் முடிந்தபின் இவ்வாராய்ச்சி முறை தொழிற்சாலைக்கும் பல்கலைக்கழகத்திற்கும் சென்றது. இங்கிலாந்தின் லங்காஸ்ரர் பல்கலைக்கழகம் 1964 இல் இதற்கெனப் பேராசிரியர் பதவியை ஏற்படுத்தியது. நேரியல் திட்டமிடல், இருப்புக் கட்டுப்பாடு, வரிசைக் கோட்பாடு ஆகியன இன்றும் முதுமாணி மாணவர் கற்கும் பாடங்களாம்.

வரிசைக் கோட்பாட்டுக்கு வித்திட்டவர் கொப்பன்கேகன் தொலைபேசிக் கம்பனியிற் பணிபுரிந்த ஏர்லாங். அவர்தம் முதற் கட்டுரை 1909 இல் வெளிவந்தது. அதன் பயனை ஓர் உதாரணத்தாற் காண்போம். மருத்துவமனையில் நோயாளரைப் பதியும் எழுதுவினைஞர் ஒருவர் மணிக்குச் சராசரி 10 பேரைக் கவனிக்க வல்லவர் என்க. மணிக்கு 8 பேர் ஒழுங்கின்றி வருவராயின், எளிய மாதிரிக் கணக்கின்படி ஒருவர் வரிசையிற் சராசரி 24 நிமிடம் காத்திருப்பார். எழுதுவினைஞரோ ஐந்தில் ஒரு பங்கு நேரம் ஓய்ந்திருப்பார். அதனை வீண் எனக் கருதும் அதிகாரி, மணிக்கு 9 பேர் வருமாறு செய்தாராயின், காத்திருப்பு 54 நிமிடமாக உயர்ந்துவிடும்! வேலையாள் ஒருவரின் ஓய்வைப் பாதியாகக் குறைக்கப் போய், நோயாளர் எல்லாருடைய துன்பமும் இரு மடங்குக்கு மேலாகின்றது.

சூத்திரத்திற் பிழையில்லை, எதை அளப்பது என்ற தெரிவிலேதான் நன்மையும் தீமையும் தங்கியுள்ளன. வேலையாளின் ஓய்வு ஏட்டிற் பதியப்படும். நோயாளரின் காத்திருப்பை எவரும் பதிவதில்லை. பதியப்படாத அந்த இழப்பை யார் சுமக்கின்றார் என்று தேடிக் காணும் மாணவரே இப்பட்டத்தின் பயனை முழுதும் பெற்றவராவர்.