புயலின் பிறப்பும் நமது பொறுப்பும்

(கடலோர ஒன்றியம் ஒன்றில் ஊராட்சித் தலைவர்கள், மகளிர் குழுவினர், இளைஞர்கள் ஆகியோர் கூடிய ஆயத்தக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

 

ஐப்பசி பிறந்துவிட்டால் நம் கடற்கரை மக்களின் பார்வை கீழ்த்திசையை நோக்கித் திரும்பிவிடுகிறது. அத்திசையிலிருந்து மழை வர வேண்டும். மழை இல்லாவிடில் பயிர் இல்லை. ஆனால் அதே திசையிலிருந்துதான் புயலும் வருகிறது. வேண்டிய விருந்தினரும் வேண்டாத பகைவனும் ஒரே வாயில் வழியாக நுழைவது போன்றது நமது நிலை. அந்த வாயிலை அடைக்க எவராலும் இயலாது. ஆயினும், வருகின்ற பகைவன் எங்கே பிறக்கிறான், எவ்வாறு வளர்கிறான், வந்தால் என்ன செய்வான் என்பவற்றை முன்னரே அறிந்து வைத்துக்கொள்ள இயலும். அதைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

புயல் பிறக்கும் விதம்

அட்லாண்டிக் கடற்கரை நாடுகளில் புயலை ஹரிக்கேன் என்கிறார்கள். சீன, ஜப்பான் கடல்களில் டைபூன் என்கிறார்கள். நம் வங்கக் கடலில் சைக்ளோன் என்பது அதன் பெயர். பெயர் வேறாயினும் பொருள் ஒன்றே. சைக்ளோன் என்னும் சொல்லை 1848-ஆம் ஆண்டில் நூலில் எழுதி வழங்கியவர், கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் என்னும் ஆங்கிலேயர். பாம்பு சுருண்டு கிடப்பது போலக் காற்று வளைந்து சுழல்வதைக் கண்டு, அப்பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயரை அவர் அமைத்தார்.

புயலுக்கு உணவு கடலின் வெப்பமாகும். கடலின் மேற்பரப்பு ஏறக்குறைய 27 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறி, அச்சூடு சுமார் 50 மீட்டர் ஆழம் வரையில் இறங்கியிருக்குமானால், அங்கே நீராவி இடைவிடாமல் மேலெழுகிறது. உயரே சென்று குளிர்ந்து மேகமாக மாறும்போது, தான் சுமந்து சென்ற வெப்பத்தை அது வெளிவிடுகிறது. இது நம் தாய்மார்கள் அறியாத விஷயமன்று. சோற்றுப் பானையின் மூடியைத் திறக்கும்போது கையில் ஆவி பட்டால், அது எவ்வளவு கடுமையாகச் சுடுகிறது! அந்த ஆவி கையின்மேல் நீராக மாறும்போது தன்னுள் ஒளித்து வைத்திருந்த வெப்பத்தையும் கொடுத்துவிடுகிறது என்பதே காரணம்.

இவ்வாறு வெளிப்பட்ட வெப்பத்தால் காற்று மேலும் சூடேறி உயரே செல்கிறது. கீழே காற்றின் அழுத்தம் குறைகிறது. குறைந்த இடத்தை நிரப்பச் சுற்றிலுமிருந்து ஈரக்காற்று விரைந்து வருகிறது. அதுவும் மேலே செல்கிறது, மேலும் வெப்பம், மேலும் காற்று. அடுப்பு தன் விறகைத் தானே இழுத்துக்கொள்வது போன்றது இது. விரைந்து வரும் காற்று நேராக வந்து சேர்வதில்லை. பூமி தன்னைத்தானே சுற்றுவதால், நம் வடபாதியில் ஓடும் காற்று வலப்புறமாக விலகுகிறது. ஆதலால் நடுவிடத்தைச் சுற்றிக் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் அது சுழலத் தொடங்குகிறது. பூமத்திய ரேகையை ஒட்டிய கடலில் இந்த விலக்கும் ஆற்றல் போதாமையால், அங்கே புயல்கள் பெரும்பாலும் தோன்றுவதில்லை.

காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டும்போது, தாழ்வு மண்டலம் என்ற நிலை மாறிப் புயல் என்ற நிலையை அடைகிறது. அதற்குப் பெயரும் சூட்டப்படுகிறது. நிலத்தின்மீது ஏறியதும், கடலிலிருந்து கிடைத்த உணவு நின்றுபோவதால் புயல் மெலியத் தொடங்குகிறது. ஆனால் மெலிவதற்கு முன் அது சந்திப்பது நம் கிராமங்களைத்தான்.

காற்றினும் கொடியது கடல்நீர்

புயல் என்றவுடன் நாம் காற்றையே நினைக்கிறோம். காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் தாக்கும் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது உண்மையே. எனினும், வங்கக் கடலின் சரித்திரத்தில் உயிர்களை மிகுதியாகக் கொண்டு சென்றது காற்றன்று. காற்று தள்ளிக்கொண்டு வந்த கடல்நீரே.

பெருங்காற்று கடலின் மேற்பரப்பைப் பல மணி நேரம் கரையை நோக்கித் தள்ளுகிறது. கரையோரக் கடல் ஆழமற்றதாயின், அந்த நீர் திரும்பிச் செல்ல வழியின்றி உயர்ந்து நிலத்துக்குள் புகுகிறது. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு தனுஷ்கோடியை அழித்தது இதுவே. பாம்பனிலிருந்து சென்ற ரயில் வண்டி, நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளுடன் அன்றிரவு கடலுக்கு இரையாயிற்று. 1970-ஆம் ஆண்டு நவம்பரில் இன்றைய வங்காள தேசத்தின் கரையில் மூன்று இலட்சத்துக்கும் குறையாத மக்கள் மாண்டனர். 1977-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் நாள் ஆந்திரத்தின் திவிசீமையில் ஐந்து மீட்டர் உயரம் எழுந்த நீர், சுமார் பதினாயிரம் உயிர்களைக் கவர்ந்தது.

இந்த ஆபத்தை அறிந்து சொல்ல ஆள் இல்லாமற் போகவில்லை. சைக்ளோன் என்ற பெயரைத் தந்த அதே பிடிங்டன், கல்கத்தாவுக்குத் தெற்கே கானிங் என்னுமிடத்தில் புதிய துறைமுகம் அமைக்கும் எண்ணம் எழுந்தபோது, புயலலை அதனை அழித்துவிடும் என்று 1853-ஆம் ஆண்டிலேயே கவர்னர் ஜெனரலுக்குக் கடிதம் எழுதினார். அவர் சொல்லை எவரும் பொருட்படுத்தவில்லை. துறைமுகம் கட்டப்பட்டது, 1867-ஆம் ஆண்டுப் புயலில் அழிந்தது.

சொன்னதைக் கேட்டதன் பயனுக்கும் ஓர் உதாரணம் உண்டு. 1999-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் சுமார் பதினாயிரம் பேர் மாண்டனர். அதன்பின் அம்மாநிலத்தார் கடற்கரை நெடுகிலும் உயர்ந்த பாதுகாப்புக் கட்டிடங்களை எழுப்பினர். கிராமம் தோறும் தொண்டர்களைப் பழக்கினர். 2013-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் பைலின் புயல் அங்கே கரை கடந்தபோது, ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் முன்னரே வெளியேறியிருந்தார்கள். இறந்தோர் நூறு பேரைக்கூட எட்டவில்லை. இரு புயல்களும் ஒரே வலிமையுடையன அல்ல என்பது மெய்யே. ஆயினும் அந்தப் பத்து இலட்சம் பேர் தத்தம் குடிசைகளிலேயே தங்கியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

புயலின் கண்

இனி என் அநுபவத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அதைச் சொல்வது எனக்கு எளிதன்று.

தயிரை மத்தால் கடையும்போது நடுவில் ஒரு குழி விழுந்து, சுற்றிலும் மோர் உயர்ந்து சுழலும் அல்லவா? புயலின் நடுவிலும் அத்தகைய ஓர் இடம் உண்டு. அதற்குக் கண் என்று பெயர். அதைச் சுற்றியே மிகக் கடுமையான காற்று வீசும். ஆனால் கண்ணுக்குள் காற்று அடங்கியிருக்கும்; சில சமயம் நட்சத்திரங்கள்கூடத் தெரியும்.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலை, கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. அப்போது அப்பகுதியில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட முகாமில் நான் பணியில் இருந்தேன். வடக்கிலிருந்து வீசிய காற்று ஓலமிட்டுக்கொண்டிருந்தது. ஜன்னல்களை மேசைகளால் அடைத்து வைத்திருந்தோம். நள்ளிரவு கழிந்து சிறிது நேரத்தில் காற்று சட்டென்று அடங்கிற்று. மக்கள் கடவுளுக்கு நன்றி கூறினார்கள். பெரியவர் ஒருவர் எழுந்து வந்து, "ஐயா, காத்து நின்னுபோச்சு. பசுவை அவுத்துவிடாம வந்துட்டேன். ஓரெட்டுப் போய்ட்டு வந்துடறேன்" என்றார். "சீக்கிரம் வந்துவிடுங்கள், பெரியவரே" என்று சொல்லி அவரை அனுப்பினேன்.

புயலின் கண்ணைப் பற்றிக் கல்லூரி நாளிலேயே படித்தவன் நான். சொல்ல வேண்டிய நேரத்தில் அது என் நினைவுக்கு வரவில்லை. சிறிது நேரத்தில் தெற்கிலிருந்து காற்று பாய்ந்தது. வடக்குக் காற்றுக்குச் சாய்ந்து பிழைத்திருந்த தென்னைகள் எதிர்க்காற்றில் வேரோடு பெயர்ந்தன. விடிந்தபின், விழுந்து கிடந்த மாட்டுக் கொட்டகையின் அடியில் அவரைக் கண்டோம். உயிர் இருந்தது, இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அவிழ்த்த கயிறு கையில் இருந்தது. பசு இறந்து கிடந்தது. இன்று அவர் கோலூன்றி நடக்கிறார். அவர் என்னை ஒரு வார்த்தையும் குறை சொன்னதில்லை. என்னிடம் கற்ற கல்வி இருந்தும் அவருக்கு அது பயன்படவில்லை என்பதை நான் மறக்கவில்லை.

நாம் செய்ய வேண்டுவன

அவ்விரவு எனக்குக் கற்பித்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, காற்று அடங்கியதும் எவரும் வெளியே செல்லலாகாது. புயல் முற்றிலும் கடந்துவிட்டது என்று அதிகாரபூர்வமான அறிவிப்பு வரும்வரை முகாமின் கதவு திறக்கப்படக் கூடாது. இதைப் பள்ளிப் பிள்ளைகள் முதல் பாட்டிமார்கள் வரை ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, மனிதர்களுக்கு முன்னால் கால்நடைகளைக் கவனியுங்கள். மக்கள் வீட்டைவிட்டு வர மறுப்பது பிடிவாதத்தால் அன்று. ஆட்டையும் மாட்டையும் விட்டுவர மனமில்லாமையால். மேட்டு நிலம் ஒன்றை முன்னரே குறித்து, முந்திய பகற்பொழுதிலேயே கால்நடைகளை அங்கே கொண்டுசென்று தீவனமும் வைத்துவிட்டால், உரியவர்கள் தாமே முகாமுக்கு வருவார்கள். கட்டிய மாடு தப்பாது. கயிற்றை அவிழ்த்துவிடுவதும் காப்பாற்றுவதே.

மூன்றாவது, ஒவ்வொரு தெருவிலும் தாமாக நடக்க இயலாத முதியோர், கர்ப்பிணிகள், உடல் ஊனமுற்றோர் ஆகியோரின் பட்டியல் மகளிர் குழுவிடம் இருக்க வேண்டும். ஒவ்வொருவரையும் அழைத்து வரும் பொறுப்பு இன்ன இளைஞருடையது என்று பெயர் குறித்து எழுதுங்கள். பொதுவாகச் சொன்ன வேலை எவருடைய வேலையும் ஆகாது. குடும்ப அட்டை, பட்டா முதலியவற்றை நீர் புகாத உறையில் இட்டு உடன் எடுத்துவரச் சொல்லுங்கள்.

நான்காவது, கஜா புயலில் இலட்சக்கணக்கான தென்னைகள் வீழ்ந்தன. ஒரு தென்னங்கன்று காய்க்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். அத்தனை ஆண்டு வருவாய் ஓரிரவில் போயிற்று. அதே காற்றில் பனைகள் பல நின்றதை நீங்களும் கண்டிருப்பீர்கள். ஆகவே தோப்பின் ஓரங்களில் பனை வையுங்கள். ஒரே மரத்தை நம்பி வாழாமல் ஊடுபயிரும் செய்யுங்கள். காப்பீட்டைத் தவணை தவறாமல் செலுத்துங்கள். கரையோர அலையாத்திக் காட்டை வெட்டவிடாதீர்கள்.

அன்பர்களே! 1864-ஆம் ஆண்டில் கல்கத்தாவையும் மசூலிப்பட்டினத்தையும் புயல்கள் அழித்தபோது, வருவதை முன்கூட்டிச் சொல்ல நாட்டில் ஓர் ஏற்பாடு இருக்கவில்லை. வானிலைத் துறை 1875-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. இன்று விண்ணிலிருந்து செயற்கைக் கோள்கள் பார்க்கின்றன. புயல் கரையை அடையச் சில நாட்கள் இருக்கும்போதே எச்சரிக்கை வருகிறது. தில்லியிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஒன்றிய அலுவலகம் வரை அச்செய்தி வந்துவிடும். அலுவலகத்திலிருந்து கடைசித் தெருவின் கடைசிக் குடிசை வரை அதைக் கொண்டு செல்லும் வேலை உங்களுடையதும் என்னுடையதும் ஆகும்.

இக்கூட்டம் கலையும் முன் அந்தப் பட்டியலை எழுதத் தொடங்குவோம். தாள்களும் எழுதுகோல்களும் மேசையில் உள்ளன.