வேலை கேட்பது பிச்சை அல்ல!

(செம்பவாங்கில் கூடிய தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில், தோட்டக் கிராணியும் சங்கத் தொண்டருமான நம் தோழர் ஆற்றிய உரை.)

 

வேலை நிலையங்களைப் பற்றிப் பேசும்படி நம்மைப் பணித்திருக்கிறார்கள். வேலை தேடுகிறவனுக்கும் ஆள் தேடுகிற முதலாளிக்கும் நடுவே நின்று, இருவரிடமும் கூலி வாங்காமல் இணைத்துவைக்கும் அலுவலகங்கள் அவை. "இதைப் பேச ஒரு கூட்டமா?" என்று சிலர் எண்ணலாம். ஆனால் வேலை போன மறுநாள் நம் ஆள் முதலில் யார் வாசலை மிதிக்கிறான் என்பதைப் பொறுத்தே அவன் குடும்பத்தின் அடுத்த ஐந்தாண்டு அமைகிறது. ஆகவே இது பேச வேண்டிய பொருள்தான்.

நம் பாட்டனும் பூட்டனும் வேலை தேடிப் போகவில்லை. வேலைதான் கங்காணி உருவெடுத்து அவர்கள் கிராமத்துக்கு வந்தது. கங்காணி கூட்டிவந்தார், கங்காணி கடன் கொடுத்தார், கங்காணியே பெரட்டில் நின்று எண்ணினார். கங்காணிக்குத் தலைக்காசு, தொழிலாளிக்குத் தலைக்கடன்! 1938-ஆம் ஆண்டில் இந்திய அரசு தடை போட்ட பிறகே அந்த ஆள்கட்டல் நின்றது. கங்காணி போய்விட்டார். ஆனால் அவர் பார்த்த தொழில் போயிற்றா? இன்றைக்கு அதே தொழிலைத் தரகர் பார்க்கிறார். பிரம்பு இருந்த கையில் இப்போது கைப்பேசி இருக்கிறது.

தரகன் கையிலிருந்து வேலையை மீட்க வேண்டும் என்று உலகத் தொழிலாளர் இயக்கம் நூறாண்டுக்கு முன்பே சொல்லிவிட்டது. 1919-ல் வாஷிங்டனில் கூடிய அனைத்துலகத் தொழிலாளர் மாநாடு, தன் இரண்டாவது உடன்படிக்கையிலேயே, அரசாங்கம் இலவச வேலை நிலையங்களை அமைக்க வேண்டும் என்றது. 1948-ல் வந்த 88-ஆவது உடன்படிக்கை, அந்த நிலையங்களுக்கு ஆலோசனை சொல்லும் குழுக்களில் முதலாளிகளும் தொழிலாளர்களும் சரிசமமாக அமர வேண்டும் என்றது. சிங்கப்பூர் இதை 1965-லேயே ஏற்றுக்கொண்டது. ஆகவே வேலை நிலையத்தின் கதவைத் தட்டுகிறவன் பிச்சை கேட்கவில்லை, உரிமையைக் கேட்கிறான்!

இந்தச் செம்பவாங் மண்ணே நமக்கு ஒரு பாடப் புத்தகம். இந்த வட்டாரம் ஒரு காலத்தில் ரப்பர்க் காடு. புக்கிட் செம்பவாங் ரப்பர் கம்பெனி 1911-ல் தொடங்கியது. பின்னர் வெள்ளையர் இங்கே கடற்படைத் தளம் கட்டினர். 1938 பிப்ரவரியில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயரால் பெரிய கப்பல் துறை திறக்கப்பட்டது. தமிழரும் மலையாளிகளும் ஆயிரக்கணக்கில் இங்கே உழைத்தனர், சங்கம் கட்டினர், உரிமை கேட்டனர்.

1968 ஜனவரியில் லண்டனில் பிரதமர் ஹரோல்ட் வில்சன் எழுந்து, 1971 முடிவுக்குள் படைகளைத் திரும்ப அழைத்துக்கொள்வோம் என்று அறிவித்தார். சிங்கப்பூரின் வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களை நம்பி நின்றது. எத்தனை அடுப்புகள் அணைந்திருக்க வேண்டும், எண்ணிப் பாருங்கள்! ஆனால் அந்த 1968-லேயே தளங்களை வேறு தொழிலுக்கு மாற்றுவதற்கென்று தனி இலாகா அமைக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் கடற்படைப் பட்டறை, செம்பவாங் கப்பல் பட்டறை என்னும் கம்பெனியின் கைக்கு மாறியது. போர்க்கப்பல் பழுது பார்த்த கைகள் வணிகக் கப்பலைப் பழுது பார்க்கத் தொடங்கின.

எல்லாரும் தப்பினார்களா? இல்லை. குடியுரிமை இல்லாத பலர் பணிக்கொடையை வாங்கிக்கொண்டு கப்பலேறினர். பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே வேலை பார்த்தவர்கள்தாம். காகிதம் இருந்தவர் நின்றார், இல்லாதவர் போனார். வேலை மூடுவதற்கு முன்பே ஏற்பாடு நடந்தால் தொழிலாளி பிழைப்பான். அந்த ஏற்பாட்டின் பட்டியலில் அவன் பெயரும் இருக்க வேண்டும். இவையே செம்பவாங் நமக்குச் சொல்லும் இரண்டு பாடங்கள்.

சரி, இன்றைக்கு என்ன இருக்கிறது? சிங்கப்பூரில் தேசிய தொழிற்சங்கக் காங்கிரஸ் 2008-ல் வேலை நியமன, வேலைத் தகுதிக் கழகத்தைத் தொடங்கியது. 2016-ல் அரசாங்கம் சிங்கப்பூர் ஊழியரணி அமைப்பை நிறுவியது. இவற்றில் வேலை ஆலோசகர் உட்கார்ந்து பேசுவார். தன்விவரக் குறிப்பு எழுத உதவுவார். நேர்முகத் தேர்வுக்குப் பழக்குவார். எந்தப் பயிற்சி எந்த வேலைக்கு வழி என்று சொல்வார். 2025 ஆகஸ்டில் பிரதமர் லாரன்ஸ் வோங் தேசிய தினப் பேரணி உரையில், சமூக மேம்பாட்டு மன்றங்களோடு சேர்ந்து குடியிருக்கும் வட்டாரத்திலேயே வேலை பொருத்தும் ஏற்பாட்டை அறிவித்தார். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அரைநாள் வேலை தேடும் நம் தாய்மார்களுக்கு இது பெரிய செய்தி.

குடிமக்களாகிய செம்பவாங் அன்பர்கள் இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். தன் விருப்பமின்றி வேலையிழந்தவர்களுக்கான உதவித் திட்டம் 2025 ஏப்ரலில் தொடங்கியது. சராசரி மாத வருமானம் 5,000 வெள்ளிக்கு மேற்படாதவர்களுக்கு, ஆறு மாதங்களில் மொத்தம் 6,000 வெள்ளி வரை கிடைக்கும். முதல் மாதம் 1,500 வரை. பிறகு படிப்படியாகக் குறையும். சும்மா கிடைக்காது. விண்ணப்பம் போட்டதையும், ஆலோசகரைக் கண்டதையும், பயிற்சிக்குப் போனதையும் மாதா மாதம் காட்ட வேண்டும். ஆட்குறைப்புக் கடிதத்தையும் சம்பளச் சீட்டையும் கிழித்து எறிந்துவிட்டுப் பிறகு தேடாதீர்கள்.

இனி, இவ்வுரையில் நாம் முக்கியமாகச் சொல்ல வந்ததைக் கேளுங்கள். ஆலோசகர் கேட்கும் முதல் கேள்வி, "உங்களுக்கு என்ன வேலை தெரியும்?" என்பது. நம் ஆள் சொல்லும் பதில், "ஒன்றும் தெரியாதுங்க, மரம் வெட்டத்தான் தெரியும்." தோழர்களே, அந்தப் பதிலோடு அவன் வாழ்க்கை கீழ்ப்படியில் நின்றுவிடுகிறது!

மரம் வெட்டுவது ஒன்றுமில்லாத வேலையா? விடிவதற்கு முன் நெற்றி விளக்கோடு நிரையில் நிற்க வேண்டும். ஒவ்வொரு வெட்டிலும் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையே போகலாம். ஆழத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவு பட்டையை விட்டு நிறுத்த வேண்டும். கத்தி கூடுதலாக இறங்கினால் மரத்துக்குக் காயம். இதை நூற்றுக்கணக்கான மரங்களில், நாள்தோறும், அளவுகோல் இல்லாமல் கைக்கணக்கில் செய்கிறான். பால் கெட்டியாகாமல் இருக்க அமோனியா, உறையவைக்க ஃபார்மிக் அமிலம். அவற்றைப் பத்திரமாகக் கையாளுகிறான். நேரந்தவறாமை, கைநுட்பம், இரசாயனப் பாதுகாப்பு, தனியே பொறுப்பேற்று நடத்தும் திறம் என்று ஒரு தொழிற்சாலை மேலாளர் விளம்பரத்தில் கேட்பவை எல்லாம் அவனிடம் இருக்கின்றன. அவற்றைச் சொல்லும் சொல் மட்டும் அவனிடம் இல்லை. செக்ரோல் எழுதும் கிராணிக்குக் கணக்கும் சம்பளப் பட்டியலும் தெரியும்; ஆயாக் கொட்டகையில் இருபது பிள்ளைகளைப் பார்த்த அம்மாவுக்குக் குழந்தை வளர்ப்பு தெரியும். எழுதுங்கள், தோழர்களே! செய்த வேலையை ஒவ்வொன்றாக எழுதுங்கள். எழுதத் தெரியாதவருக்குச் சங்கம் எழுதிக் கொடுக்கும்.

முதலாளிமார்களுக்கும் ஒரு சொல். "ஆள் கிடைக்கவில்லை" என்று அழுகிறீர்கள். வேலை நிலையம் உங்களுக்கும் இலவசமே. உங்கள் காலி இடத்தை விளம்பரப்படுத்துகிறது. வேலைச் சந்தை நடத்துகிறது. தொழில் மாறி வருபவரைப் பழக்கி எடுக்கும் திட்டத்தில், சம்பளத்தில் 70 விழுக்காடு வரையிலும், நாற்பது வயதைக் கடந்தவரானால் 90 விழுக்காடு வரையிலும், வரம்புக்கு உட்பட்டு அரசு உதவுகிறது. நாம் கேட்பது ஒன்றே. விளம்பரத்தில் சம்பளம், நேரம், ஓய்வு நாள் மூன்றையும் வெளிப்படையாகப் போடுங்கள். மூடி வைத்த சட்டியை நம்பி எந்த மருமகளும் வரமாட்டாள்!

குறை இல்லையா? இருக்கிறது. படிவங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. பாதி வேலை இணையத்தில் நடக்கிறது. ஐம்பது வயதுக்காரர் திரையைப் பார்த்து மலைத்துத் திரும்புகிறார். வயதையும் இனத்தையும் பார்த்து விண்ணப்பத்தை ஒதுக்குவதும் உண்டு. அதற்கு எதிரான பணியிட நியாயச் சட்டம் 2025 ஜனவரியில் சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆயினும் இருபத்தைந்து பேருக்குக் குறைவாக உள்ள நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கு அளித்திருக்கிறார்கள். நம்மவர் பலர் வேலை பார்ப்பது அத்தகைய சிறு இடங்களில்தான் என்பதைச் சங்கங்கள் விடாமல் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

இப்போது ஜொகூர்த் தோழர்களுக்கு. இங்குள்ள சம்பள உதவியும் வேலையிழப்பு உதவியும் உங்களுக்கானவை அல்ல. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். உங்களுக்கு உங்கள் நாட்டிலேயே வழி உண்டு. 2018 ஜனவரியில் தொடங்கிய வேலை காப்புறுதித் திட்டத்தில் நீங்கள் 0.2 விழுக்காடும் முதலாளி 0.2 விழுக்காடும் கட்டுகிறீர்கள். தோட்டம் விற்கப்பட்டோ, செம்பனைக்கு மாறியோ உங்களை நிறுத்தினால், அறுபது நாளுக்குள் சொக்சோவில் மனுப் போடுங்கள். உதவித் தொகையும் உண்டு, வேலை தேடித் தரும் ஆலோசகரும் உண்டு. நாள் தவறினால் உங்கள் பணம் உங்களுக்கே இல்லை!

பாலம் கடந்து வேலைக்கு வருவதானால் மூன்றை மறவாதீர்கள். முதலாவது, வேலை அனுமதிக்கு மனுச் செய்ய வேண்டியவர் முதலாளி அல்லது அவர் நியமித்த உரிமம் பெற்ற முகவர். இரண்டாவது, முகவர் உங்களிடம் ஓராண்டு வேலைக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், அதிகம் போனால் இரண்டு மாதச் சம்பளம்வரைதான் வாங்கலாம். வேலை கொடுப்பதற்காக முதலாளி உங்களிடம் பணம் வாங்கினால், 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை. மூன்றாவது, கொள்கையளவு ஒப்புதல் கடிதத்தில் சம்பளம் எவ்வளவு என்று அச்சிட்டிருக்கும். அதைப் படித்த பிறகு பஸ் ஏறுங்கள். வாய்ச்சொல்லை நம்பி ஏறாதீர்கள்.

முடிவாக, சங்கம் செய்ய வேண்டியது. முன்பு இந்தச் செம்பவாங் வட்டாரத்தில் இருந்து, இன்று ஈசூனில் நிற்கும் புனிதமரம் பாலசுப்பிரமணியர் ஆலயம்போல, நம் மக்கள் தாமாகக் கூடும் இடங்கள் எத்தனையோ உண்டு. அத்தகைய இடங்களில், நிர்வாகத்தாரின் அனுமதியோடு, மாதம் ஒரு நாள் ஒரு மேசை போடுவோம். படித்த பிள்ளை ஒருவர் அமர்ந்து தமிழில் கேட்டு, படிவத்தை நிரப்பிக் கொடுக்கட்டும். தமிழ் பேசும் ஆலோசகர் வேண்டும் என்று வேலை நிலையங்களுக்கு எழுதுவோம். சிங்கப்பூரில் பத்துப் பேருக்குக் குறையாமல் வைத்திருக்கும் முதலாளி, ஆட்குறைப்பை ஐந்து வேலை நாளுக்குள் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். தெரிவித்தாரா என்று கேட்கும் வாய் தொழிற்சங்கத்தின் வாயாக இருக்கட்டும்.

வேலை போகும்வரை காத்திராமல், இருக்கும்போதே பெயரைப் பதியுங்கள். பணம் கேட்பவன் வாசலுக்குப் போகுமுன், பணம் கேட்காத வாசலுக்குப் போங்கள். உழைக்கும் கைகளுக்குத் தரகு வேண்டாம்!

வளர்க தொழிலாளர் ஒற்றுமை!